நியூகாசில்டன் இசை விழா: முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. விழா நடக்கும் ஊர் நியூகாசில்டன். ரயில் டிக்கெட் எடுப்பதோ நியூகாசிலுக்கு. அது இங்கிலாந்தின் பெருநகரம். அங்கிருந்து இந்தக் கிராமத்துக்குச் சாலை வழியே நூறு கிலோமீட்டர் அளவில் போக வேண்டும். நியூகாசில்டன் ஸ்காட்லாந்தின் தெற்கு ஓரத்தில், லிடெல் ஆற்றங்கரையில் இருக்கிறது. பக்ளூ கோமகன் 1793-இல் கைத்தறி நெசவாளர்களைக் குடியமர்த்தத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். ஜனத்தொகை ஆயிரத்தைத் தொடாது. 1970 முதல் ஆண்டுதோறும் ஜூலை முதல் வார இறுதியில் இங்கே பாரம்பரிய இசை விழா நடக்கிறது.

ஊருக்கு ரயில் கிடையாது. எடின்பரோவையும் எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்திலுள்ள கார்லைலையும் இணைத்த பாதையை 1969 ஜனவரியில் மூடினார்கள். கடைசி ரயிலைப் போகவிடாமல் ஊரே கிராசிங் கேட்டை மறித்து நின்றது. சர்ச் பாதிரியாரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தப் பாதையின் வடபகுதி 2015-இல் ட்வீட்பேங்க் வரை மறுபடி திறந்ததும் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொண்டது. "பார்டர்ஸ் ரயில்", அதாவது எல்லைப் பகுதி ரயில், என்ற பெயரை நம்பி ட்வீட்பேங்கில் இறங்கினால் மீதம் அறுபது கிலோமீட்டர் இருக்கும். இறங்க வேண்டிய இடம் கார்லைல். அங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். பஸ் குறைவு, ஞாயிறன்று இன்னும் மோசம். திரும்பும் பஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கச்சேரி கேட்கிற மனசோடு போவது அடுத்த தவறு. மேடை நிகழ்ச்சிகளும் போட்டிகளும் உண்டு. ஆனால் விழாவின் உயிர் பப்புகளில் நடக்கும் செஷன்களில் இருக்கிறது. ஒரு மேசை, சுற்றிலும் ஏழெட்டு நாற்காலி, ஃபிடில், அக்கார்டியன், விசில் என்கிற சின்ன உலோகக் குழல், யாராவது ஒருவரிடம் கிட்டார். மைக் இருக்காது, பாட்டு வரிசை எழுதிய தாளும் இருக்காது. மேசையை ஒட்டிய காலி நாற்காலியில் பீர் கிளாஸோடு போய் உட்கார்ந்துவிடுவார்கள் புதியவர்கள். அது வாசிக்க வருகிறவருக்கான இடம். கேட்க வந்தவர் இரண்டாவது வரிசை. போனில் பதிவு செய்யும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் தலையாட்டுவார்கள்.

வாசிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது அதிகம். நம் வயலினும் அவர்கள் ஃபிடிலும் ஒரே வாத்தியம்தான், சுருதிதான் வேறு. ச-ப-ச-ப என்று கட்டிய வயலினை அப்படியே எடுத்துப் போனால் ஒரு ட்யூனில்கூடச் சேர முடியாது. தடித்த தந்தியிலிருந்து வரிசையாக ஜி, டி, ஏ, இ. ஏ என்பது 440 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு தந்திக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பஞ்சமம். பல மாதம் இறக்கிக் கட்டியிருந்த பழைய தந்தியைப் பப் வாசலில் நின்று இ வரைக்கும் முறுக்கினால் அறுந்து முகத்தில் அடிக்கும். புதுத் தந்தி போட்டு, ஒரு நாள் முன்பே ஏற்றி, அது இழுபட்டு நிலைக்க விட வேண்டும். உபரியாக இரண்டு இ தந்தி கையில் இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து, தாடைக்கடியில் பிடித்து வாசித்துப் பழகியும் போக வேண்டும். கீழே சம்மணம் போட்டு உட்காரும் யோசனையை, பப்பின் தரையை ஒரு முறை பார்த்தாலே கைவிட்டுவிடுவீர்கள்.

ட்யூனின் கட்டமைப்பு தெரியாமல் நுழைந்தால் அந்தரத்தில் நிற்க நேரிடும். பெரும்பாலான ட்யூன்கள் 32 பார் (தாளச் சுற்று) நீளம்: முதல் பகுதி எட்டு பார், இரண்டு தடவை, இரண்டாம் பகுதியும் அப்படியே. ரீல் என்ற வேகமான நடன ட்யூனில் ஒரு சுற்று அரை நிமிடம் சொச்சத்தில் ஓடிவிடும். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் நிறுத்தாமலே அடுத்த ட்யூனுக்குத் தாவுவார்கள். மூன்று ட்யூன் கோத்தது ஒரு செட். தொடங்கியவர் நிமிர்ந்து பார்த்தால் மாறப்போகிறார் என்று பொருள். அந்த நொடியில் தலையைக் குனிந்துகொண்டிருப்பவர் பழைய ட்யூனிலேயே தனியாக மாட்டிக்கொள்வார். தெரியாத ட்யூனுக்குக் கூடவே தடவித் தடவி ஸ்வரம் தேடுவது பக்கத்திலிருப்பவருக்கு நரகம். வில்லை மடியில் வைத்துவிட்டுக் கேளுங்கள். உங்களைத் தொடங்கச் சொன்னால் டி அல்லது ஜி சுருதியில் எடுங்கள். டி விசில் வைத்திருப்பவருக்கு அவை இரண்டும்தான் விரல் சிக்காமல் வரும்.

லயம் நமக்குப் பிடிபடும். ஜிக் என்ற நடன ட்யூன் என்றால் தகிட தகிட, ரீல் என்றால் தகதிமி. சறுக்குவது ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஸ்காட்லாந்து நடன ட்யூனில். குறில் முன்னால், நெடில் பின்னால் என்று வெட்டி விழும் அந்த நடைதான் அதன் அடையாளம். நம் பழக்கத்தில் ஸ்வரத்தை அசைத்து, வில்லை வழுக்கி வாசித்தால் அந்த வெட்டு கரைந்து ஆடுகிறவர் காலே குழம்பும். கமகத்தை ஸ்லோ ஏர் என்ற மெதுவான மெட்டு வரும்வரை பூட்டி வைக்கலாம், அங்கேயும் கொஞ்சமாக.

தாளம் தட்டத் தெரிந்தவருக்குக் கை சும்மா இருக்காது. ஒரு செஷனுக்கு ஒரு போரான் போதும் என்பது எழுதாத சட்டம். இந்த ஒருபக்கத் தோல் மேளம் ஏற்கெனவே இருந்தால் உங்களுடையது உறையிலேயே இருக்கட்டும். தனி ஆவர்த்தனம் கிடையாது, கோர்வை வைத்து முடிக்கவும் கூடாது. மேளம் ட்யூனுக்குப் பின்னால் நடக்க வேண்டும். மழை நாளில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து, சத்தம் பொத்தென்று விழும். அதற்காகக் கணப்பருகில் சாய்த்து வைத்தால் தோல் காய்ந்து கிழியும்.

பைப் என்றதும் ஹைலண்ட் பைப் என்ற பெரிய பேக்பைப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவது பெரிய அபத்தம். அது நாகஸ்வரம் மாதிரி திறந்த வெளியில் ஒலிக்கப் பிறந்தது. கூடவே ஒத்து ஊத மூன்று குழல் அதிலேயே இருக்கிறது. ஒன்பதே ஸ்வரம், அளவு ஏறக்குறைய ஹரிகாம்போஜி. சத்தத்தைக் குறைக்க வழி கிடையாது. தாளில் ஏ என்று எழுதினாலும் ஒலிப்பது ஆறரைக் கட்டைக்குச் சற்று மேலே, 475 ஹெர்ட்ஸைத் தாண்டி. 440-இல் கட்டிய ஃபிடில் எதுவும் அதோடு சேராது. உள்ளே வாசிக்க ஸ்மால்பைப் உண்டு: முழங்கைக்கடியில் துருத்தி, மென்மையான குரல், ஏ அல்லது டி சுருதி. கேட்பவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருந்தால், "பைப் எங்கே?" என்று வாத்தியத்தை எதிரிலேயே வைத்துக்கொண்டு கேட்க வேண்டியிராது.

பாட்டு நேரம் வேறு மாதிரி. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1790-களில் வருடா வருடம் குதிரையில் வந்து பழைய கதைப்பாடல்களைத் திரட்டிய பள்ளத்தாக்கு இது. வாத்தியமே இல்லாமல் ஒருவர் இருபது முப்பது சரணம் பாடுவார். கை தட்டித் தாளம் போடுவது தவறு. கதையின் போக்கில் அவர் எங்கே நிறுத்துவார், எங்கே இழுப்பார் என்று அவருக்குத்தான் தெரியும். பல்லவி திரும்பி வந்தால் சேர்ந்து பாடலாம், பாடவும் வேண்டும்.

நடனத்துக்குத் தட்டையான அடியுள்ள ஷூ. இசை தொடங்கும் முன் அடிகளைச் சொல்லி ஒரு முறை நடத்திக் காட்டுவார்கள். அப்போது அரட்டை அடித்தால் பிறகு எட்டுப் பேர் ஆட்டம் குலையும்.

இரவில் கார்லைல் அறைக்குக் காரில் திரும்புகிறவர்கள் இங்கிலாந்துக் கணக்கில் குடித்துவிடுகிறார்கள். அங்கே நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை விடுவார்கள். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50தான். எல்லை சில கிலோமீட்டரில் வந்துவிடும். பிடிபடுவது அதற்கு முன்னால்.