நீர்வீழ்ச்சிப் படமும் எரிந்துபோகும் வெள்ளையும்

திருகோணமலையில் கமரா பிடிக்கப் பழகுபவர்கள், கடலையும் கோணேசர் மலையையும் ஓரளவு எடுத்துப் பழகியதும் நீர்வீழ்ச்சி தேடி மலையகத்துக்குப் புறப்படுகிறார்கள். அவர்கள் திரும்பி வந்து காட்டும் படங்களில், நாங்கள் பழகிய காலத்துப் பிழைகளே மீண்டும் மீண்டும் தெரிகின்றன. முக்காலியை மறந்து போவது, மின்கலம் தீர்ந்துபோவது போன்றவற்றை எவரும் ஒரே பயணத்தில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

பருவம் பாராமல் போதல்

நமக்கு வெயில் கொளுத்தும் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை பெறும் தலவாக்கலைப் பக்கம் போகலாம். நமக்கு மாரி பெய்யும் காலத்தில்தான் பதுளையின் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி நிறைந்து விழும்.

தண்ணீரை எரித்துவிடுதல்

ஒளி மிகுந்து தண்ணீர் விபரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடுவதைத்தான் எரிந்துபோவது என்கிறோம். இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பயணச் செலவு முழுவதையும் வீணாக்குவதும் இதுவே. விடியற்காலையில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, றம்பொடையில் இறங்கும்போது வெயில் உச்சியில் நிற்கும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் இழையிழையாக நீள வேண்டும் என்ற ஆசையில், அந்த வெயிலிலேயே ஷட்டரை அரை வினாடி திறந்துவிடுகிறார்கள். நேர் வெயிலில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வை 100 என்றும், அப்பேர்ச்சர் எனும் வில்லைத் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 16 என்றும் வைத்தாலும் தேவைப்படும் நேரம் ஏறத்தாழ 1/100 வினாடிதான். அரை வினாடி திறந்தால் அதைப்போல் 50 மடங்கு ஒளி உள்ளே போகிறது. ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி பில்ட்டர் ஒன்று கையில் இல்லாவிட்டால், மேகம் மூடும்வரை அல்லது மாலை சாயும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பில்ட்டர் இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடாது. கறுத்த பாறையும் அடர்ந்த பச்சையும் படச்சட்டத்தின் பெரும்பகுதியை நிரப்புவதால், காட்சி இருட்டாக இருப்பதாகக் கருதும் கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. பாறை அழகாக வரும்; தண்ணீர் அழிந்துபோகும்.

அண்மையில் ஓர் இளைஞர் தம் மடிக்கணினியில் அப்படியொரு படத்தைக் காட்டினார். நண்பர்களிடம் கருத்துக் கேட்டிருந்தார். ஒருவர் ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளைக் குறைக்கச் சொன்னாராம், இன்னொருவர் கொன்ட்ராஸ்டைக் கூட்டச் சொன்னாராம், மற்றொருவர் கூர்மையாக்கச் சொன்னாராம். அவர் எல்லாவற்றையும் செய்து பார்த்திருந்தார். படத்தை முழு அளவுக்குப் பெருக்கிப் பார்த்தோம். பாறையில் ஒட்டியிருந்த பாசியின் நுனிகூடத் துலக்கமாகத் தெரிந்தது. அதை உரசி விழுந்த தண்ணீரிலோ ஒரு கோடுகூட இல்லை. எங்கே தொட்டாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255, அதாவது உச்ச அளவு. ஹைலைட்டைக் குறைக்கக் குறைக்க, அந்த வெள்ளை சுண்ணாம்பு மங்கிய சுவர்போல் சாம்பல் நிறமானதே தவிர, தண்ணீர் திரும்பி வரவில்லை. கமராவில் பதியாத விபரத்தை யாருடைய கருத்தாலும் மீட்க முடியாது. நல்ல சட்டம், நல்ல கோணம், நீண்ட பயணம் எல்லாம் இருந்தும் அந்தப் படம் பயன்படாமல் போனது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே முதல் படத்தை எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்க இருளிலிருந்து வலப்பக்க வெளிச்சம்வரை படத்தின் ஒளி பரவியிருப்பதைக் கமரா காட்டும் வரைபைப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டி நின்றால், எக்ஸ்போஷரை (உள்ளே விடும் ஒளியை) ஒரு படியோ ஒன்றரைப் படியோ குறைத்து மீண்டும் எடுங்கள். மிகைவெளிச்சத்தை மினுக்கிக் காட்டும் வசதி கமராவில் இருந்தால் அதை எப்போதும் இயக்கி வையுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 ஒளியளவுகள்தாம் உள்ளன. கமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் 14 பிட் ரோ கோப்பில் 16,384 உள்ளன. இருண்ட பாறையை ரோ கோப்பிலிருந்து வெளிக்கொணர முடியும். எரிந்த வெள்ளையை முடியாது. வேறுபாடு மிக அதிகமென்றால், முக்காலியை அசைக்காமல் தண்ணீருக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று என இரண்டு படங்கள் எடுத்து, பின்னர் ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தலாம்.

பத்து வினாடி திறத்தல்

இழைகள் மறைந்து வெறும் மூட்டமாகிவிடும். கால் வினாடிக்கும் ஒரு வினாடிக்கும் இடையில் நில்லுங்கள்.

வில்லையைத் துடைக்காமல் போதல்

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பயன்படுத்திய வில்லையில் உவர்க்காற்றின் மெல்லிய படலம் தங்கியிருக்கும். எதிர்வெயிலில் அது படம் முழுவதையும் மங்கலாக்கும். மணல் துகள் இருக்கக்கூடும் என்பதால் முதலில் ஊதித் தள்ளிவிட்டே துணியைத் தொட வேண்டும். துன்ஹிந்தவைப் போலத் திவலை பறக்கும் இடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் முன்னரும் வில்லையைப் பாருங்கள்.

பொதுப்படக் கருத்துக் கேட்டல்

“படம் எப்படி?” என்று கேட்டால் “நல்லாயிருக்கு தம்பி” என்பதற்கு மேல் பதில் வராது. கண் முதலில் எங்கே போகிறது, தண்ணீரில் இழை தெரிகிறதா, பச்சை இயல்பாக இருக்கிறதா என்று கேளுங்கள்; திருத்தாத படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். மூவர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே குறை இருப்பது பெரும்பாலும் உண்மை. ஆனால், அதற்கு அவர்கள் சொல்லும் மருந்தையே கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் தனிப் பிரதியில் செய்து, மறுநாள் காலையில் மூலப்படத்துடன் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே அடுத்த திருத்தத்துக்குப் போங்கள்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்புதல்

அது படத்தைச் சுருக்கி இழைகளைக் கலைத்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள்.