ப்ளேரியோ 11-ஐக் கணினியில் பறக்கவிட

முதலில் இறக்கையில் கைவையுங்கள், வண்ணமெல்லாம் பிறகு. 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ப்ளேரியோ 11 விமானத்தில் எய்லரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கை ஓரத்தில் அசையும் மடல்) கிடையாது. கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்குவார்கள். அதனால் ஃபிளைட்கியர் என்ற விமானப் பாவனை மென்பொருளில், விமானம் பறக்கும் விதத்தைக் கணக்கிடும் ஜேஎஸ்பிசிம் கோப்பில், பக்கவாட்டில் சாய்க்கும் திருப்புவிசையைத் தாராளமாகக் குறையுங்கள். ஜாய்ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினாலும் விமானம் சோம்பலாகத்தான் சாய வேண்டும்.

அன்சானி எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர், 25 குதிரைத்திறன். கூட்டிக் கொடுக்க ஆசை வரும், கொடுக்காதீர்கள்.

சோதனைக்கு எனக்கு எங்கள் வேலூர் அப்துல்லாபுரம் ஓடுதளம்தான். வெப்பநிலையை வேலூரின் மே மாத நண்பகலுக்கு, 41 டிகிரிக்கு, ஏற்றுங்கள். சூட்டில் மெலிந்த காற்றில் விமானம் எழவே முக்கினால் கணக்கு சரி. விருட்டென்று கோட்டை அகழிக்கு மேல் போய்விட்டால் எஞ்சின் கோப்பைத் திரும்பத் திறங்கள்.