மூக்குத் தண்டில் மேடு: ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா?

"மூக்கும் முழியுமா இருக்கா" என்று ஊரில் சொல்லும்போது யாரும் ஸ்கேல் வைத்து அளந்து சொல்வதில்லை. ஆனால் மூக்குத் தண்டில் இருக்கும் மேட்டைச் சரிசெய்துகொள்ளலாமா என்ற யோசனை வந்துவிட்டால், முதலில் எடுக்க வேண்டியது ஸ்கேல்தான். மேடு என்று நாம் நினைப்பது பல முகங்களில் மேடே இல்லை. மேலே பள்ளம், கீழே தொங்கும் நுனி, உள்வாங்கிய தாடை என்று குற்றவாளி வேறு எங்காவது இருப்பார்.

முதலில் ஒழுங்காக ஒரு போட்டோ

செல்ஃபியை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஓரடி தூரத்தில் எடுக்கும் படத்தில், கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு ஊதிப்போய்த்தான் தெரியும். 2018இல் அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது, 5 அடியில் எடுத்தால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது.

அதனால் வேறொருவர் எடுக்கட்டும். 5 அடி தள்ளி நின்று, ஃபோனை உங்கள் மூக்கின் உயரத்தில் பிடித்து, 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுக்க வேண்டும். வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம், ஃபில்டர் எதுவும் இல்லாமல். நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, இருபக்கமும் பாதி திரும்பி இரண்டு, தலையை அண்ணாந்து கீழிருந்து ஒன்று. பக்கவாட்டில் சிரித்தபடியும் ஒன்று எடுங்கள். சிலருக்குச் சிரிக்கும்போது நுனி கீழே இறங்கும், உடனே மேடு பெரிதாகத் தெரியும். அவர்களுக்கு மேட்டை மட்டும் எடுத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

பக்கவாட்டுப் படம் ஒன்றை, மூக்குக்கு முன்னால் ஒரு விரல் இடைவெளியில் ஒரு ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து எடுங்கள். அதைப் பிரிண்ட் போட்டு, கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை பென்சிலால் ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே துருத்தி நிற்பதுதான் மேடு. படத்தில் இருக்கும் ஸ்கேலை வைத்து அது எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குப் போடலாம்.

இப்போது அந்தப் பிரிண்டில் இரண்டு சோதனைகள். ஒன்று, மூக்கு தொடங்கும் பள்ளத்தைப் பென்சிலால் லேசாக நிரப்பிப் பாருங்கள். அதிலேயே தண்டு நேராகிவிட்டால், உங்கள் பிரச்சினை மேடு இல்லை, மேலே இருக்கும் பள்ளம். அங்கே குருத்தெலும்பு வைத்து உயர்த்துவதே போதுமானதாக இருக்கலாம். இரண்டு, கீழுதட்டின் முன்முனையிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இறக்குங்கள். தாடை அந்தக் கோட்டுக்கு நன்றாக உள்ளே இருந்தால், எந்த மூக்கும் பெரிதாகத்தான் தெரியும். இப்படிப்பட்டவர்கள் மூக்கைக் குறைத்துக்கொண்ட பிறகும் கண்ணாடி முன்னால் ஏதோ குறைகிறதே என்று நிற்பார்கள்.

மேடு 1 மில்லிமீட்டர்தான் என்றால், அதற்காக முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்துகொள்வது எங்கள் கணக்கில் நஷ்டம். 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்து, பக்கவாட்டில் அது உங்களை உறுத்துகிறது என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

மேட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது

ஆள்காட்டி விரலைத் தண்டின் மேலிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். மேல்பகுதி அசையாது, அது எலும்பு. மேட்டைத் தாண்டும்போது லேசாக நெகிழும், அது குருத்தெலும்பு. இரண்டும் சேரும் இடத்தில்தான் மேடு உட்கார்ந்திருக்கிறது. மூக்கிலேயே தோல் மிக மெல்லியதாக இருப்பதும் அதே இடத்தில்தான். உள்ளே அரை மில்லிமீட்டர் பிசிறு நின்றாலும் ஒரு வருஷம் கழித்து விரலுக்குத் தட்டுப்படும், சில நேரம் கண்ணுக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம்: மேடு தனியாக ஒட்டவைத்த கட்டி இல்லை. ஓட்டு வீட்டின் முகடு மாதிரி, மூச்சுப் பாதையின் கூரையே அதுதான். முகட்டைச் சீவினால் மேலே திறந்துகொள்ளும். பக்கவாட்டில் அழகாக இருக்கும், நேரே நின்று பார்த்தால் தண்டு தட்டையாக, அகலமாகத் தெரியும். அதை மூடத்தான் இருபக்க எலும்பையும் அடியில் வெட்டி உள்ளே நகர்த்துகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணைச் சுற்றிக் கன்றிப்போவது பெரும்பாலும் இந்த வெட்டினால்தான். கீழே குருத்தெலும்புப் பகுதியில், சீவிய விளிம்புகள் ஆதாரமில்லாமல் உள்ளே சரியலாம். அப்போது மூக்கின் நடுவே தலைகீழ் 'வி' மாதிரி ஒரு நிழல் விழும், மூச்சும் அடைக்கும். இதைத் தடுக்க, மூக்கின் நடுச்சுவரிலிருந்து தீக்குச்சி போன்ற இரண்டு குருத்தெலும்புப் பட்டைகளை எடுத்து இருபக்கமும் முட்டுக்கொடுப்பது வழக்கம். 'ஸ்பிரெடர் கிராஃப்ட்' என்பார்கள். உங்கள் மேட்டை எடுப்பவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்றால், நீங்கள் எடுங்கள்.

முகட்டைச் சீவாமல், கூரையை அப்படியே வைத்து, அடியிலிருந்து ஒரு பட்டையை எடுத்துவிட்டுக் கூரையையே கீழே இறக்கும் முறையும் உண்டு. 'பிரிசர்வேஷன்' என்ற பெயரில் இப்போது புதுசாகப் பேசப்படுகிறது. யோசனை 1899லேயே வந்ததுதான். எலும்பு அதிகம் கோணாமல், மேடு அளவாக இருப்பவர்களுக்கு இது பொருந்தும். கோணல் மூக்குக்கும், அடிபட்டு உடைந்த மூக்குக்கும் எளிதில் பொருந்தாது. இறக்கிய தண்டு கொஞ்சம் மேலேறி மேடு லேசாகத் திரும்பிவரும் வாய்ப்பும் உண்டு.

நம் ஊர்க்காரர்களில் பலருக்கு நுனிப் பக்கம் தோல் தடிப்பாக இருக்கும். தடித்த தோல், கீழே எலும்புக்கூட்டைச் சுருக்கிவிட்டால் அதற்கேற்ப உடனே சுருங்காது. நுனிக்குச் சற்று மேலே தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, தழும்புத் திசு அங்கே நிறைந்து வீங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் பார்த்தால் அசல் கிளிமூக்கு. மருத்துவர்களும் இதைக் கிளியின் அலகு என்ற பொருள்பட 'பாலிபீக்' என்றே சொல்கிறார்கள். ஆகவே தோல் தடித்தவர்கள் "எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைச்சிடுங்க டாக்டர்" என்று கேட்பது தனக்குத்தானே குழி வெட்டிக்கொள்வது. கொஞ்சமாகக் குறைத்து, நுனிக்கு நல்ல தாங்கல் கொடுப்பதுதான் அவர்களுக்கு ஒத்துவரும்.

மூச்சைச் சோதியுங்கள்

ஒரு துவாரத்தைக் கட்டைவிரலால், மறுபக்கம் கோணாதபடி மெதுவாக மூடி, மறு துவாரத்தால் இழுத்துப் பாருங்கள். பிறகு கன்னத்தை இரண்டு விரலால் காதுப் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டு மறுபடி இழுங்கள். இழுத்ததும் காற்று சட்டென்று தாராளமாகப் போனால், உங்கள் மூச்சுவழி அந்த இடத்தில் ஏற்கெனவே குறுகலாக இருக்கலாம். மேட்டை எடுத்தால் இன்னும் குறுகக்கூடும். ஒருமுறை செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். இரண்டு துவாரங்களும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி அடைத்துத் திறப்பது இயற்கை. காலை, மதியம், இரவு என நாலைந்து நாள் குறித்துவையுங்கள். மூக்கடைப்புக்கு மாதக்கணக்கில் சொட்டு மருந்து போட்டுக்கொள்பவர்கள், அந்த மருந்தே அடைப்பை வளர்க்கும் என்பதால், அதை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிட்டு வர வேண்டும்.

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள்

மூக்கைப் பற்றியே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் யோசிப்பவர்கள், அதற்காகவே விசேஷங்களுக்குப் போகாதவர்கள், மற்றவர்கள் கண்ணுக்கே படாத மேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது திட்டுவதற்காகச் சொல்வதில்லை. தன் தோற்றத்தைப் பற்றிய இந்த வகை மனவேதனைக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, ஆனால் கத்தி அதற்கு மருந்தில்லை. மூக்கு சரியானாலும் வேதனை வேறு உறுப்புக்கு இடம் மாறிவிடலாம்.

பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள் என்பதற்காகச் செய்ய வேண்டாம். மூக்கு வளர்ச்சி நிற்கும் முன்பும் வேண்டாம். பெண்களுக்கு 15, 16 வயதிலும் ஆண்களுக்கு 17, 18 வயதிலும் பொதுவாக நிற்கும். அதற்குப் பிறகும் 18 முடியும்வரை காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஃபில்லர் ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். அது மேட்டைக் குறைக்காது. மேலும் கீழும் நிரப்பி மேட்டை மறைக்கும், அவ்வளவுதான். சில மாதங்களிலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் கரைந்துவிடும். ஊசி தவறி ரத்தக்குழாயில் ஏறினால் தோல் அழுகலாம், கண் பார்வையே போகலாம். முகத்தில் ஆபத்து மிகுந்த இடங்களில் மூக்கும் ஒன்று. அதனால் பார்லரில் கண்டிப்பாகக் கூடாது. மருத்துவர் போட்டாலும், ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்து அதே அறையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கிளிப் மாட்டுவது, எண்ணெய் தேய்த்து நீவுவது எல்லாம் எலும்பிடம் செல்லாது.

மருத்துவரிடம் போனதும்

குறைந்தது இரண்டு பேரைப் பாருங்கள். எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவர், அல்லது மூக்கு ஆபரேஷனில் தொடர்ந்து வேலை செய்யும் எம்எஸ் இஎன்டி மருத்துவர். பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவர் விளக்கு வைத்து மூக்குக்குள் பார்ப்பார், நடுச்சுவரையும் நுனியையும் அழுத்திப் பார்ப்பார். பார்க்காமலே கம்ப்யூட்டரில் புது மூக்கு வரைந்து காட்டினால் எழுந்து வந்துவிடலாம். வரைந்து காட்டுவது பேசிப் புரிந்துகொள்ள உதவும். அது வாக்குறுதி இல்லை.

கேட்க வேண்டியவை: என் மேட்டில் எலும்பு எவ்வளவு, குருத்தெலும்பு எவ்வளவு? சீவுவீர்களா, இறக்குவீர்களா, ஏன்? வெளியே தழும்பு வருமா? (இரு துவாரங்களுக்கு நடுவே உள்ள தூணில் சின்ன வெட்டுப் போடுவது திறந்த முறை. தழும்பு தடித்துப்போகும் உடல்வாகு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.) என் மாதிரித் தோல் உள்ளவர்களின் ஒரு வருஷம் கழித்த படங்கள் உண்டா? ஒரு மாதப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மறு ஆபரேஷன் தேவைப்பட்டால் செலவு யாருடையது? மூக்கு ஆபரேஷனில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. "எங்களிடம் அப்படி வந்ததே இல்லை" என்பவரிடம் ஜாக்கிரதை. "இன்று அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி" என்பவரிடம் இன்னும் ஜாக்கிரதை.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், ரூம், மருந்து, ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக. அழகுக்கான ஆபரேஷனுக்கு ஜிஎஸ்டி விலக்கு கிடையாது. இன்சூரன்ஸும் தராது, பாலிசிகளில் எக்ஸ்க்ளூஷன் 08 என்று போட்டிருப்பது இதுதான். நடுச்சுவர் வளைவைச் சரிசெய்யும் பகுதிக்கு மட்டும் கிடைக்கலாம், அதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு. மொத்தத்தையும் நடுச்சுவர் ஆபரேஷன் என்று எழுதிக் கிளெய்ம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாட்டிக்கொள்வது பாலிசிதாரர்தான். விபத்தில் உடைந்து மேடானது என்றால் கதை வேறு. அதற்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலும் போய்க் கேட்கலாம்.

தேதி குறிக்கும் முன்

சிகரெட், புகையிலை, நிகோட்டின் சூயிங்கம் எல்லாவற்றையும் நான்கு வாரம் முன்பே நிறுத்தி, நான்கு வாரம் பின்பும் தொடக் கூடாது. ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, சித்த மருந்து லேகியம் உட்பட எது சாப்பிட்டாலும் பட்டியல் போட்டுக் கொடுங்கள். ரத்தம் உறைவதைக் கெடுப்பவற்றை ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது. மூக்குத்தியைக் கழற்றியே ஆக வேண்டும். ரத்தத்தை நிறுத்த மின்சாரம் பாய்ச்சும்போது உலோகம் சுட்டுவிடும். துளை தூர்ந்துபோகலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஒரு வாரம் மூக்கின் மேல் கட்டு. கண்ணுக்கு அடியில் வரும் வீக்கமும் கன்றலும் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் வடியும். அந்த இரண்டு வாரமும் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். கண்ணாடி தண்டில் உட்காரக் கூடாது, நான்கு முதல் ஆறு வாரம். காண்டாக்ட் லென்ஸ் வாங்கிவையுங்கள், அல்லது நெற்றியில் டேப் ஒட்டிக் கண்ணாடியைத் தொங்கவிடுங்கள். மூக்கை நசுக்கும் ஹெல்மெட்டும், மூக்கைப் பிடித்து மூடும் நாடிசுத்தியும் அதே கணக்கு. பந்து விளையாட்டு ஆறு வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சரி என்றால். நுனி சில மாதம் மரத்துப்போயிருக்கும்.

வீக்கம் முழுதாக வடிய ஒரு வருஷம், தடித்த தோலில் ஒன்றரை வருஷம்கூட ஆகும். கல்யாணத் தேதி வைத்திருப்பவர்கள் குறைந்தது ஆறு மாதம் இடைவெளி விடுங்கள். ஒரு வருஷம் இருந்தால் நிம்மதி. நுனிக்கு மேல் உப்பலாக இருக்கிறதே என்று மூன்றாம் மாதம் பதறி இன்னொரு மருத்துவரிடம் மறு ஆபரேஷனுக்குப் போய் நிற்காதீர்கள். தழும்புத் திசு இளகாத மூக்கை 12 மாதத்துக்கு முன் திறந்தால் எங்கே தோல், எங்கே குருத்தெலும்பு என்று பிரித்தெடுப்பதே பெரும்பாடு. டேப்பாலும், தேவைப்பட்டால் சிறிய ஸ்டீராய்டு ஊசியாலும் அடங்கக்கூடிய வீக்கமாக அது இருக்கலாம். அதை ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே முதலில் காட்டுங்கள்.