கல்யாணப் பாய் ஆர்டர் ஆப்: வயர்ஃபிரேமில் சிக்கு விழாமல் வரைவது எப்படி?

பத்தமடைக் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தருவார்கள். அந்த ஆர்டரை போனிலேயே எடுக்க ஒரு ஆப் வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவு, நிறம், இரண்டு பெயர், தேதி, முகவரி, முன்பணம். "எல்லாம் முதல் பக்கத்துலேயே தெரியணும்லா" என்பார் கடைக்கார அண்ணாச்சி. தலையாட்டிவிட்டு, வயர்ஃபிரேமை, அதாவது ஸ்கிரீன்களின் வெறும் கோட்டுப்படத்தை, கீழே உள்ளபடி வரையுங்கள்.

1. முதலில் தாள். ஆப் கேட்கப்போகும் கேள்விகளை ஒரு ஏ4 தாளில் வரிசையாக எழுதுங்கள். பதில் தரவேண்டியது வாங்குகிறவரா, கடையா, ஆப்பே கண்டுபிடிக்கலாமா என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியுங்கள். மூன்றாவது வகைக்கு ஸ்கிரீனில் பெட்டியே வேண்டாம். கணினி விஞ்ஞானி லாரி டெஸ்லர் சொன்ன கணக்கு இதுதான்: சிக்கல் எங்கேயும் போகாது, யார் தலையில் விழுகிறது என்பதுதான் மாறும்.

ஆனால் அவசரப்படக்கூடாது. பின்கோடு 627 என்று தொடங்கினால் திருநெல்வேலி மாவட்டம் என எழுதிவிட முடியாது. 2019இல் பிரிந்த தென்காசிக்கும் அதே 627தான். ஆறு இலக்கத்தையும் வாங்குங்கள். ஆப் காட்டும் மாவட்டத்தைத் திருத்தவும் வழி விடுங்கள்.

2. கேள்விகளை நாலு ஸ்கிரீனாகப் பிரியுங்கள். அளவும் நிறமும் ஒன்று; பெயர்கள் ஒன்று; தேதி, முகவரி ஒன்று; கடைசியில் சரிபார்த்துப் பணம். பெயருக்குத் தனி ஸ்கிரீன் எதற்கு? தேதியையும் முகவரியையும் பிறகு மாற்றலாம். நெய்து முடித்த பெயரை மாற்ற முடியாது. அடித்த பெயரைப் பெரிய எழுத்தில் காட்டி, "இப்படியே நெய்யலாமா?" என்று கேட்க அங்கே இடம் வேண்டும்.

3. ஃபிரேம், அதாவது ஒரு ஸ்கிரீனுக்கான சட்டம். ஸ்கிரீன் வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் 360 × 800 பிக்சல். இரு ஓரமும் 16 விட்டால் மீதி 328. இடைவெளி எல்லாம் எட்டின் மடங்கு, பட்டன் உயரம் 48. சாம்பல் பெட்டி போதும். கலர் போட்டால் அண்ணாச்சி கலரைப் பற்றித்தான் பேசுவார்.

4. நிஜத் தமிழை வையுங்கள். புதியவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் இது. 'பே' என்று ஒரே எழுத்தை வைத்து அளவெடுத்த பட்டனில் 'முன்பணம் செலுத்து' நுழையாது. பெயர்ப் பெட்டியில் இன்னும் மோசம். 'இசக்கியம்மாள்' நம் கண்ணுக்கு 8 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி என்பதால் 13. 'அதிகபட்சம் 10' என்று குறிப்பெழுதிக் கொடுத்தால், டெவலப்பர் குறிகளை எண்ணி 'இசக்கியம்ம' என்று வெட்டிவிடுவார். பாயிலும் அப்படியே விழும். 'கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணவும்' என்று பெட்டியின் ஓரத்திலேயே எழுதுங்கள்.

5. மற்ற நிலைகள். காலி, பிழை, நெட் இல்லை, எல்லாம் சரி என நாலு ஸ்கிரீனுக்கும் நாலு வரைந்தால் பதினாறு ஆகும். தேவையில்லை. பெயர் ஸ்கிரீனுக்குப் பிழை, பணத்துக்கு நெட் இல்லாத நிலை: இவை கட்டாயம். அந்தந்த ஸ்கிரீனுக்கு நேர் கீழே வையுங்கள். மேல்பட்டையும் பட்டனும் காம்போனென்டாக, அதாவது ஒரு மூலமும் அதன் நகல்களுமாக, இருக்கட்டும். மூலத்தைத் திருத்தினால் எல்லாம் மாறும்.

6. அம்புக்குறி. ஒரு ஸ்கிரீனிலிருந்து அடுத்த ஸ்கிரீனுக்குப் போகும் அம்பு இடமிருந்து வலமாக மட்டும். இரண்டு அம்பு குறுக்கே வெட்டினால் ஸ்கிரீன் வரிசை தப்பு என்று அர்த்தம். அம்பை வளைத்துச் சமாளிக்காதீர்கள். ஃபிரேமுக்கு '02-பெயர்-பிழை' என்று பெயரிடுங்கள். 'ஃபிரேம் 47' என்று விட்டால் அடுத்த வாரம் உங்களுக்கே தெரியாது.