வாளித் தண்ணீரில் தெரியும் தங்க நூற்புழு

உருளைக்கிழங்குத் தோட்டத்தின் நடுவே திட்டாக மஞ்சளடித்தால் எங்கள் நீலகிரியில் முதலில் உரக்கடைக்குத்தான் ஓடுவோம். நானும் ஓடினேன். யூரியா போட்டதில் இலை கொஞ்சம் பச்சை பிடித்தது. கிழங்கு கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிட்டது. "மண் களைத்துப்போச்சு" என்றார் மாமியார். களைத்தது மண்ணல்ல, வேர். அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது நூற்புழு, மண்ணில் வாழும் நூல்போன்ற நுண்ணிய புழு.

திட்டுதான் முதல் அடையாளம். அந்த இடத்துச் செடிகள் குட்டையாக நிற்கும். மண்ணில் ஈரம் இருந்தும் உச்சிவெயிலில் துவண்டு, மாலையில் நிமிரும். ஆனால் இலையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

நட்டு ஐம்பது, அறுபது நாளில், பூக்கிற சமயத்தில் வேரைப் பாருங்கள். திட்டின் நடுவில் இருக்கும் செடி வேண்டாம், அதில் பார்க்க வேரே மிஞ்சியிருக்காது. ஓரத்துச் செடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிடுங்கினால் மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டி, மண்கட்டியோடு தூக்கி வாளித் தண்ணீரில் இறக்குங்கள். மண் தானாகக் கரையட்டும், தேய்க்கக் கூடாது. பிறகு வேரை உள்ளங்கையில் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய, அரை மில்லிமீட்டர் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் உப்பிய பெண் புழுக்கள். பொன்மஞ்சளாக இருந்தால் தங்க நூற்புழு. மஞ்சளாகாமல் வெள்ளையிலிருந்து நேரே பழுப்பானால் அதன் பங்காளியான வெள்ளை நூற்புழு. எங்கள் மலையில் இரண்டும் உண்டு. மணலோ என்று சந்தேகம் வந்தால் நகத்தால் நசுக்குங்கள். மணல் நெறுநெறுக்கும், இது ஈரமாக உடையும். முதல்முறை உடைத்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, வேறு ஆள்.

அறுவடை முடிந்துவிட்டதா? மண்ணை நிழலில் நன்றாகக் காயவைத்துத் தண்ணீரில் கலக்குங்கள். பெண் புழு செத்துக் காய்ந்த பழுப்புக் கூடுகள் மிதந்து பாத்திர விளிம்பில் ஒதுங்கும். சருகுத் தூளும் கூடவே மிதக்கும் என்பதால் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள். உருளை நடாமல் விட்டாலும் பல ஆண்டுகள் காத்திருக்கும். 1961இல் ஊட்டியில் கண்டறியப்பட்டது இன்னும் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

உறுதியாகிவிட்டால் அந்த இடத்தில் குஃப்ரி ஜோதி ரக உருளை நடாதீர்கள். நூற்புழுவை எதிர்த்து நிற்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் இருக்கிறது, இல்லையென்றால் கேரட்டோ முட்டைக்கோஸோ போடலாம். அடுத்த பாத்திக்குள் கால்வைக்கும் முன் மண்வெட்டியையும் பூட்ஸையும் அங்கேயே கழுவிவிடுங்கள்.