துணைக் கட்டுரைகளில் நம் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரி மாணவர்கள், பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பின் 650 சொல் முதன்மைக் கட்டுரைக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரைகளையோ கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எட்டுப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று என்றாலே 24 கட்டுரைகள். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கெடு. ஏ நிலைத் தேர்வு நெருக்கும் நேரமும் அதுதான். காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். அந்த வாரமே கேள்விகளை ஒரே தாளில் எழுதி, ஒத்தவற்றைச் சேர்த்துவிடுங்கள். ‘உங்கள் சமூகம் எது’ போன்ற கேள்வி பல இடங்களில் வரும். ஒரு நல்ல பதிலைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தலாம். ‘ஏன் எங்களிடம்’ என்ற கேள்விக்கு மட்டும் அது நடக்காது.

இங்கே படித்தவர்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு: ஏ நிலையில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் பொதுத்தாள் பாடத்தின் பழக்கம். பொதுவான முன்னுரை, இரு தரப்பு வாதம், நிதானமான முடிவுரை என்று இரண்டு ஆண்டு பழகிய கை, துணைக் கட்டுரையையும் அப்படியே எழுதும். யேல் ‘ஏன் யேல்’ என்று கேட்டுத் தரும் இடம் 125 சொல். ‘வேகமாக மாறிவரும் இன்றைய உலகில்’ என்று தொடங்கி முன்னுரைக்கே நாற்பது சொல் போனால், மூன்றில் ஒரு பங்கு வீண். முதல் வாக்கியத்திலேயே பதில் இருக்க வேண்டும். முடிவுரை வேண்டவே வேண்டாம்.

‘ஏன் எங்களிடம்’ கட்டுரைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரை அழித்துவிட்டு வேறொன்றை எழுதிப் பாருங்கள். கட்டுரை அப்போதும் பொருந்தினால் அது விளம்பரத் தாள். ‘உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்களிடம் பொதுச் சுகாதாரம் கற்க ஆவலாக இருக்கிறேன்’ என்ற வரி எந்த ஊருக்கும் செல்லும். இதைப் பாருங்கள்: ‘பலதுறை மருந்தகத்தில் பாட்டிக்குத் தரும் மாத்திரை உறைகளில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுப்பேன். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் என்பதை எப்படி வரைவது என்றுதான் தெரியவில்லை.’ இங்கே ஒரு மாணவி இருக்கிறாள், அவளுக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. அடுத்த வரியில், எழுத்தறியாத நோயாளிக்கு மருத்துவத் தகவலை எப்படிச் சொல்வது என்று ஆராயும் பாடம் ஒன்றைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் பாடப் பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். பாடத்திட்டத்தைத் திறந்து, அது இளநிலை மாணவர்களுக்கு உரியதா, இப்போதும் நடத்தப்படுகிறதா என்று பாருங்கள். ஐந்து பாடங்களை அடுக்குவதைவிட ஒன்றோடு உங்கள் கேள்வியை இணைப்பது மேல்.

ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்வதும் இடத்தை வீணாக்கும். காமன் ஆப்பில் நடவடிக்கைகளுக்கென்றே 10 இடங்கள் இருக்கின்றன. ஸ்டான்ஃபர்ட், அறைத்தோழருக்கு எழுதச் சொல்லும் கட்டுரையில் விவாத மேடைப் பரிசுகளை வரிசைப்படுத்துபவர்கள் கேள்வியையே படிக்கவில்லை. உங்களோடு ஓர் ஆண்டு ஒரே அறையில் இருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அங்கே கேள்வி.

சிசிஏ (இணைப்பாட நடவடிக்கை), விஐஏ (பள்ளிவழிச் சமூகத் தொண்டு) என்ற சுருக்கங்கள் நமக்கு மூச்சுப் போல. படிக்கும் அதிகாரிக்கு அவை வெறும் எழுத்துகள். அரை வரியில் விரித்துச் சொல்லுங்கள். தைப்பூசத்தைப் பற்றி எழுதினால் சுற்றுலா வழிகாட்டியாக மாற வேண்டாம். காவடி என்றால் என்ன என்பதற்கு ஒரு வாக்கியம் போதும். அன்று அதிகாலை உங்கள் கையில் என்ன வேலை இருந்தது, பால்குடம் எடுத்தீர்களா, தண்ணீர்ப் பந்தலில் நின்றீர்களா என்பதற்கே மீதி இடம்.

பலர் கை வைத்தால் கட்டுரையில் உங்கள் குரல் போய்விடும். துணைப்பாட ஆசிரியர், அக்கா, மாமா என்று எல்லாரும் திருத்திய கட்டுரை பதினெட்டு வயதுக்காரர் எழுதியதுபோல ஒலிக்காது. இரண்டு பேர் போதும்: ஒருவர் பிழை பார்க்க, உங்களை நன்கு அறிந்த மற்றவர் ‘இது நீதானா’ என்று சொல்ல. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைச் சொந்த எழுத்தாக அனுப்புவதைக் காமன் ஆப் மோசடியாகவே கருதுகிறது.

அனுப்பும் நாளில் நடக்கும் தவறுகள் சின்னவை, ஆனால் வலிப்பவை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதை ஒட்டும்போது இன்னொன்றின் பெயர் உள்ளே தங்கிவிடும். பத்தி இடைவெளியும் சாய்வெழுத்தும் பெட்டிக்குள் காணாமல் போகலாம். ஆகவே முன்னோட்டத்தைத் தரவிறக்கி, பெயர்களை மட்டும் தேடி ஒருமுறை படியுங்கள். காமன் ஆப்பின் கெடு நீங்கள் இருக்கும் ஊரின் நேரப்படி இரவு 11.59. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழுமத்தின் விண்ணப்பம் தனி: எட்டுக் கேள்விகளில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல், கெடுவும் பசிபிக் நேரப்படி. சில பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் ஒன்று, எழுத்துத் துணைப்பகுதி வேறொன்று. இரண்டையும் தனித்தனியே அனுப்ப வேண்டும். முதலாவதை அனுப்பியதும் கணினியை மூடிவிடாமல், இரண்டாவதும் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.