பழைய கரவனும் மலைநாட்டு வீதியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாகனத்தின் பின்னால் கொழுவி இழுக்கும் சக்கர வீடான கரவனைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "நுவரெலியா ஏற்றத்தில் இழுக்குமா?" என்றுதான். இழுக்கும். இஞ்சின் நல்லதாக இருந்தால் மெதுவாகவேனும் ஏறிவிடும். கேட்க வேண்டியவை வேறு இரண்டு: இறங்கும்போது நிற்குமா, மழையில் அழுகாமல் இருக்குமா? மலைநாட்டில் கரவன்களைத் தீர்த்துக்கட்டுபவை இந்த இரண்டும்தான். மெத்தை உறை தைப்பதையும் பெயின்ட் அடிப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்வது 1960, 70களில் பிரித்தானியாவில் கட்டிய, மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திய, ஒற்றை அச்சுக் கரவன்களைப் பற்றி. அங்கும் வாகனங்கள் இடப்பக்கமே ஓடுவதால் இவற்றின் கதவு வீதியோரமாகத் திறக்கும். மின்சாரமும் நம்முடையதைப் போலவே 230 வோல்ட். ஐரோப்பியக் கண்டத்துக் கரவன் என்றால் கதவு வலப்பக்கம், அதாவது பஸ் உரசிப் போகும் பக்கம் இருக்கும்.

புதுப் பலகை வாசத்தில் மயங்குவது

உள்ளே நுழைந்ததும் புது பிளைவுட்டும் புது வார்னிஷும் மணந்தால், எதை மூடியிருக்கிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். தண்ணீர் நுழையும் இடங்கள் ஏறக்குறைய எல்லாக் கரவனிலும் ஒன்றுதான்: கூரையும் சுவரும் சேரும் மூலைப் பட்டி, கூடாரத் துணி கொழுவும் தண்டவாளத்தின் ஆணித் துளைகள், கூரை ஜன்னலைச் சுற்றிய விளிம்பு, பக்க ஜன்னல் ரப்பரின் கீழ் மூலைகள். மேல் அலுமாரிகளைத் திறந்து உள்மூலையைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகை உள்ளே அமுங்கினால் அதன் பின்னால் இருக்கும் சட்டம் மரமாக இல்லை. கதவடியிலும் சக்கர மேட்டருகிலும் தரையை மிதித்துப் பார்ப்பதும் அவசியம்.

ஈரமானி வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 15 சதவீதத்துக்குக் கீழே நல்லது, 20க்கு மேல் சந்தேகம், 30ஐத் தாண்டினால் சேதம் என்று இங்கிலாந்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஜூன், ஜூலையில் கினிகத்தேனையிலோ தலவாக்கலையிலோ காற்றின் ஈரப்பதனே 90 சதவீதத்தைத் தொடும். அந்தக் காற்றில் கிடக்கும் நல்ல மரமும் 18, 20 காட்டும். எனவே முதலில் கரவனின் நடுவில், வெளிச்சுவரைத் தொடாத ஒரு தட்டுப்பலகையை அளந்து, அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் அதைவிட ஐந்தாறு புள்ளி கூடினால்தான் ஒழுக்கு.

ஒழுக்கைக் கண்டதும் கடைக்குப் போய் சிலிக்கன் குழாய் வாங்கி வெளியிலிருந்து பூசுவது அடுத்த தவறு. ஏற்கெனவே உள்ளே போன தண்ணீரை அது சிறை வைக்கிறது. புளிப்பு வாடை அடிக்கும் வகை சிலிக்கன் அலுமினியத்தையும் அரிக்கும். பிறகு ஒழுங்காகச் செய்ய நினைத்தாலும், சிலிக்கன் படிந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. சரியான வேலை கொஞ்சம் நீளமானது. பட்டியின் ஆணிகளைக் கழற்றிப் பட்டியை முழுதாக எடுக்க வேண்டும். இடுக்கை அடைக்கும் பசையான மாஸ்டிக், பழையதாகிக் காய்ந்துபோனதைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, டர்பன்டைனால் துடைக்க வேண்டும். கெட்ட சட்டத்தை வெட்டி நல்ல மரத்தைப் பொருத்தி, ஒரு வாரமாவது உலரவிட வேண்டும். அதன் பிறகு இறுகிப்போகாத பியூட்டைல் பட்டையை ஒட்டி, பழையதைவிடச் சற்றுத் தடித்த, துருப்பிடிக்காத திருகாணிகளைப் போட்டு இறுக்கினால், பிதுங்கி வரும் மாஸ்டிக்கை மறுநாள் வெட்டிவிடலாம்.

உட்சுவரை மாற்றும்போது தச்சுப் பாஸ் உறுதிக்காக 12 மில்லிமீற்றர் பிளைவுட் போடச் சொல்வார். வீட்டுக்கு அது சரி. கரவனில் ஆதியில் இருந்தது 3 மில்லிமீற்றர். 15 சதுர மீற்றர் சுவருக்குத் தடிப்பைக் கூட்டினால் ஏறக்குறைய 80 கிலோ ஏறும். மேல்பாதியில் ஏறும் அந்தப் பாரம் ஒவ்வொரு வளைவிலும் தன் வேலையைக் காட்டும்.

கொழுவும் இடம்

கரவனைக் கொழுவ வாகனத்தின் பின்னால் பூட்டும் டோ பாரின் பந்தில் இரண்டு அளவு புழக்கத்தில் உண்டு: 50 மில்லிமீற்றர், 2 அங்குலம். வித்தியாசம் 0.8 மில்லிமீற்றர்தான் என்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். 50க்குரிய கப்ளிங் (பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் கரவனின் முனை) 2 அங்குலப் பந்தில் சரியாகப் பூட்டாது. அதைவிட ஆபத்தானது மறுபக்கம்: 2 அங்குலக் கப்ளிங் 50 பந்தில் பூட்டியது போலவே இருக்கும், குழியில் விழுந்து எழும்போது கழன்றுவிடலாம். வேர்னியர் கலிப்பரால் பந்தை அளந்து, கப்ளிங்கின் மேல் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பூட்டிய பிறகு முன் சிறு சக்கரத்தைச் சுழற்றி வாகனத்தின் பின்பக்கம் மேலெழும்பும் வரை தூக்கிப் பாருங்கள். கழலாவிட்டால் பூட்டியிருக்கிறது.

டோ பாரை பம்பரில் வெல்டிங் வைத்துக் கொடுக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. பார் சேஸியில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். பந்தின் இரண்டு போல்டும் 8.8 என்று தலையில் பொறித்த எம்16 ஆக இருக்க வேண்டும்.

கரவனின் நிறைபாரம் இழுக்கும் வாகனத்தின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. தயாரிப்பாளர் இழுவை எடையே குறிப்பிடாத சிறு ஹைபிரிட் கார்களை விட்டுவிடுங்கள். டீசல் டபுள் கேப் பொருத்தம். டேர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் வலு இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இழுவை வண்டிக்கான பதிவையும், உங்கள் சாரதி அனுமதிப்பத்திர வகுப்பு எவ்வளவு எடையை இழுக்க இடம் கொடுக்கிறது என்பதையும் காசு கொடுப்பதற்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூக்குப் பாரம், அதாவது கப்ளிங் பந்தின் மேல் அழுத்தும் பாரம், கரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வேண்டும். 900 கிலோ கரவனுக்கு 45 முதல் 63 கிலோ. குளியலறைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கப்ளிங்கை அதன் மேல் இறக்கினால் தெரிந்துவிடும். தண்ணீர்க் கலன், அரிசி, கருவாடு எல்லாவற்றையும் பின் அலுமாரியில் அடுக்கினால் மூக்கு இலேசாகி, கரவன் வாலாட்டத் தொடங்கும். ஹப்புத்தளைப் பக்கத்துக் காற்றில் அது இன்னும் மோசம். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்கவும் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.

இறக்கம்

பழைய கரவனின் பிரேக் உங்கள் பெடலோடு தொடுக்கப்பட்டதல்ல. வாகனம் வேகம் குறையும்போது கரவன் முன்னே தள்ளுகிறது. கப்ளிங்கின் தண்டு உள்ளே போய்க் கம்பியை இழுக்கிறது. பிரேக் ஷூ சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் அழுந்துகிறது. சமவெளியில் இது சில விநாடி வேலை. ஏ5 வீதியில் நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புஸல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது கரவன் வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே வரும், ஷூவும் வழி முழுக்க உராயும். 1,300 மீற்றருக்கு மேற்பட்ட அந்த இறக்கத்தில் 900 கிலோ கரவன் விடும் சக்தியை அப்படியே வெப்பமாக்கினால் 30 லீற்றருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் பெரும் பங்கு இரண்டு சிறிய டிரம்களுக்குள் போகிறது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவிலிருந்து விலகும், ஷூவின் பிடியும் குறையும். அப்போது கரவனின் பாரம் முழுவதும் முன் வாகனத்தின் பிரேக்கில் வந்து விழும்.

சின்ன கியரில் இறங்கினால் போதும் என்பது பாதி உண்மைதான். கியர் வாகனத்தைப் பிடிக்கும். கரவன் அப்போதும் தள்ளும். கியரோடு வேகக் குறைவும் ஓய்வும் சேர வேண்டும். உச்சியிலேயே முதலாம் அல்லது இரண்டாம் கியருக்கு வந்து, 20, 25 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கி, அகலமான இடம் கண்டால் ஒதுங்கிப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். புறங்கையை டிரம்முக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கப் பிரேக் இறுகியிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். அந்தச் சூட்டில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். நானுஓயாப் பக்கத்து ரதல்லக் குறுக்கு வீதி தூரத்தைக் குறைக்கும், ஆனால் கரவனோடு போகிற வழியல்ல.

பழைய கப்ளிங்கில் பின்னால் எடுப்பதற்கென்று ஒரு சிறு லீவர் இருக்கும். அதைப் போடாமல் ரிவர்ஸ் எடுத்தால் கரவன் தானே பிரேக் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து பின்வாங்க வேண்டிய நேரத்தில் இதுதான் தொல்லை. இறங்கி லீவரைப் போட ஒருவர் கூட இருந்தால் தீர்ந்தது. சிலர் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று லீவரைக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கரவனுக்குப் பிரேக்கே கிடையாது. வாங்கும்போது அந்த இடத்தில் கம்பி உரசிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் தளர்ந்திருந்தால் தரைக்கு அடியில் ஓடும் தண்டின் நட்டை இறுக்குவது மெக்கானிக்குகளின் வழக்கமான குறுக்குவழி. அது ஒரு சக்கரத்தை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் பிடிக்க வைக்கும். முதலில் டிரம்மில்தான் தொடங்க வேண்டும்: சக்கரத்தைத் தூக்கி, முன்னோக்கிச் சுழற்றிக்கொண்டே அட்ஜஸ்டரை டிரம் பூட்டும் வரை இறுக்கி, மெல்ல உராயும் அளவுக்குத் தளர்த்துங்கள். மறுபக்கமும் அப்படியே. தண்டு கடைசி. டிரம்மைக் கழற்றினால் தூசியைக் காற்றடித்து ஊதிவிடாதீர்கள். அந்தக் கால ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிவிடுங்கள். பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்து, டிரம்மைச் சுழற்றியபடி நட்டை இறுக்கி, ஒரு பல் தளர்த்தி, நட் கழலாமல் தடுக்கும் கம்பிப் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது சில ரூபாயை மிச்சம் பிடிக்கும்; அது முறிந்தால் சக்கரம் போய்விடும்.

டயரின் பூ தேயாமல் இருப்பது எதற்கும் சான்றல்ல. கரவன் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்றே கெடுகிறது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து வருடம் ஆனால் மாற்றத் தயாராகுங்கள். ஏழு ஆனால் ஓட்டாதீர்கள்.

காஸும் குளிரும்

சமையலறைக்குரிய 12.5 கிலோ சிலிண்டர் முன் பெட்டிக்குள் அடங்காது என்று அதை உள்ளே அடுப்பருகில் வைப்பதைப் பார்க்கிறோம். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும். பெட்டியின் அடியில் துளை விட்டிருப்பது அது கீழே இறங்கிப் போகத்தான். 5 கிலோ சிலிண்டரை அங்கே நிமிர்த்திக் கட்டுங்கள். ஓடும்போது வால்வை மூடுங்கள். பழைய ரப்பர் குழாயை வாங்கிய அன்றே மாற்றி, இணைப்புகளைச் சவர்க்கார நுரையால் சோதியுங்கள். சுடர் மஞ்சளாக எரிந்தால் ஜெட்டில் சிலந்தி வலை இருக்கலாம். சுத்தம் செய்யாமல் சமைக்க வேண்டாம்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழும் இரவுகளில் தரைக் காற்றுத் துளைகளைப் பேப்பரால் அடைப்பதும், கரிச்சட்டியை உள்ளே வைப்பதும் உயிரோடு விளையாடும் வேலை. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூங்குகிறவர் எழும்ப மாட்டார். காஸ் அடுப்பை எரியவிட்டு உள்ளே உலர்த்த நினைப்பதும் தலைகீழ்: ஒரு கிலோ காஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். அது குளிர்ந்த தகட்டில் படிந்து சட்டத்துக்குத்தான் போய்ச் சேரும்.

நிறுத்துவதும் வைத்திருப்பதும்

இடம் தேடும்போது காட்சியைப் பார்க்காமல் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பாருங்கள். புதிதாக வெட்டிய சரிவு, சாய்ந்த மரங்கள், முன்பு இல்லாத ஊற்று, கலங்கிய நீர் ஆகியவை மண் நகர்வதற்கான அடையாளங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை மலைநாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், அது ஆகக் குறைந்த மஞ்சள் மட்டமாக இருந்தாலும் அங்கே இரவு தங்காதீர்கள். தோட்ட நிலமென்றால் நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள். கழிவறைத் தொட்டியையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் ஓடையில் கொட்டக் கூடாது. அதே ஓடையிலிருந்துதான் கீழே லயத்துக்குக் குழாய் போகிறது.

மட்டம் பார்க்க ஒரு வரிசை உண்டு. வாகனத்தோடு கொழுவியிருக்கும்போதே தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றுங்கள். கட்டை போட்டுக் கழற்றுங்கள். முன் சக்கரத்தால் நீளவாக்கில் சமப்படுத்துங்கள். மூலைக் கால்கள் கடைசி, அவையும் ஓரடிச் சதுரப் பலகை மேல். ஜாக்கி என்று நினைத்து அவற்றால் கரவனைத் தூக்கினால் சேஸி வளைந்து கதவு பிடிக்கும். காஸில் ஓடும் பழைய குளிர்சாதனப் பெட்டி சரிவில் நின்றால் குளிராது, நாளடைவில் பழுதாகியும் விடும்.

மழைக்காலத்துக்கு மூடி வைக்கும்போது பிளாஸ்டிக் தறப்பாளை இறுகக் கட்டாதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். நான்கு தூண் நட்டு, பக்கம் திறந்த தகரக் கொட்டகை போடுவதே மேல். மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள், அலுமாரிக் கதவுகளையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவையும் திறந்து விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போடுங்கள். இழுத்தபடி மூன்று மாதம் விட்டால் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.